கொழுந்தாகக் கிள்ளிய புல்

என் அன்பு ராசம்மா மதினிக்கு,

உங்கள் பாலில் தண்ணீர் கலக்கவில்லை. தண்ணீர் கலந்தவள் என்று உங்கள் பெயரை எழுதிப் பால் கொட்டகையில் ஒட்டியது எங்கள் ஆபீஸ். அந்தப் பொய்க்கு ஆதாரம் அரைத்துக் கொடுத்தது என் கை. இதைச் சந்தேகத்தில் சொல்லவில்லை, மதினி. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல்வதை ஏன் பத்திரிகையில் சொல்கிறாய் என்று அண்ணன் கேட்டார். உங்களுக்குக் கெட்ட பெயர் வந்தது வீட்டுக்குள் இல்லை. நாலு தேயிலைத் தோட்டத்துச் சனம் வந்து போகும் சந்தியில் வந்தது. அது போவதும் நாலு பேர் படிக்கும் இடத்தில்தான் போக வேண்டும். நீங்கள் எழுத்துப் படித்தவர் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் யாராவது உரக்கப் படிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. கலா ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தலை பின்னத் தெரியாமல் அண்ணன் முதல் மாதம் தடுமாறினார். இப்போது இரட்டைச் சடை போடுகிறார், ஒன்று எப்போதும் மற்றதைவிட உயரமாக இருக்கும். ரொட்டி சுடப் பழகிவிட்டார். சம்பலுக்கு உப்புப் போடுவதில் மட்டும் கைக்கு அளவு இல்லை. மாட்டுக் கொட்டிலைப் பிரிக்கச் சொன்னோம், மாட்டேன் என்கிறார். வெறும் கொட்டில் அப்படியே நிற்கிறது.

உங்களைக் கொன்றது காய்ச்சல். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தீர்கள், ஏழாம் நாள் போய்விட்டீர்கள். எங்கள் ஆபீஸ் உங்களைக் கொல்லவில்லை. ஆனால் களவாணி என்ற பெயரோடு சாக வைத்தது. எனக்கு அது போதும் கோபப்பட.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள். மற்றப் பாதி பதுளையில், எங்கள் ஆபீஸ் ஆய்வுக்கூடத்தில், மூடிய கதவுக்குள் நடந்தது. நான் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தேன்.

எங்கள் ஆபீசின் பசுத் திட்டத்தில் நம் லயத்துக்கு ஐந்து மாடு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கறுப்பும் வெள்ளையுமாக, காம்பு பெருத்து, லொறியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று நின்றதே உங்கள் மாடு. அதற்கு முதல் நாள் வெட்டிப்போட்ட முற்றின புல்லை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "அடேங்கப்பா, துரைசாணில்ல வந்துருக்காங்க! பிஸ்கோத்து வாங்கியாங்க." அன்றிலிருந்து அதற்குப் பெயர் துரைசாணி.

திட்டத்தின் சட்டம் எளிது. மாடு திட்டத்துடையது. மாதம் ஒரு மூட்டைத் தீவனம் கொடுப்பார்கள். காலைப் பாலைச் சந்திக் கொட்டகையில் ஊற்ற வேண்டும். கார்டில் பாலின் அளவும் தரமும் எழுதப்படும். கார்டு சுத்தமாக இருந்தால் முதல் கன்று உங்களுக்கு, அதற்குப் பிறகு மாடும் உங்களுக்கு. கார்டில் கறை விழுந்தால் மாடு போய்விடும். அந்த வீட்டுக்கு மறுபடி மாடு கிடையாது.

பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புல்லின் சத்தை அளக்கும் அந்த மெசின் வந்தது. வெளிநாட்டு உதவியில் வந்தது. மின்சாரம் ஏறி இறங்கினால் அதற்கு ஆகாது என்பதால் தனியாக ஒரு இரும்புப் பெட்டி, தனியாக ஒரு அறை. ஆளுக்கு இல்லாத குளிர்சாதனம் அதற்கு இருந்தது. நான் அங்கே தற்காலிக உதவியாள். பிரஜாவுரிமைக் கடிதம் இல்லாததால் நாலு வருடமாகத் தற்காலிகம். என் வேலை, வந்த புல்லை அடுப்பில் காய வைப்பது, மாவாக அரைப்பது, சலிப்பது, கண்ணாடி அடிப்பாகம் வைத்த சின்னக் கிண்ணத்தில் அமுக்கி மெசினுக்குள் வைப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டீர்கள்: "ஏம்புள்ள சரோசா, புல்லப் பாத்தே சத்து சொல்லிருமாமே? வைத்தியரு நாடி புடிச்சுப் பாக்குற மாதிரியா?"

"நாடியெல்லாம் இல்ல மதினி. வெளிச்சம் அடிக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், செவப்புக்கு அங்கிட்டு இருக்கிறது. புல்லு மாவுல பட்டு எம்புட்டு திரும்பி வருதுன்னு பாத்து, புரதம் எம்புட்டு, நாரு எம்புட்டுன்னு சொல்லிரும்."

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த நீ எப்புடிப் பாத்த?"

"நான் பாக்கல. மெசினு பாக்கும்."

"அப்ப நீயும் என்னைய மாதிரித்தான். யாரோ சொன்னத நம்புற." சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. படித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது, மதினி. இப்போதும் இருக்கிறது.

அந்த மெசின் கெட்டது இல்லை. அதை நான் பழிக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு புல்லின் புரதம் பார்க்க அமிலத்தில் கொதிக்க வைத்து, வடித்து, சொட்டுச் சொட்டாக அளந்து, நாள் கணக்கில் நின்றோம். அந்தப் புகையில் கண் எரியும். மெசின் இரண்டு நிமிடத்தில் தாள் துப்பியது. அது படிப்பதற்குக் கூட நாங்கள் பாடம் சொல்லிக் கொடுத்தோம். நம் பக்கத்துக் கினிப் புல்லையும் மானாப் புல்லையும் முதலில் அமிலத்தில் பார்த்து, அந்த விடையை அதற்குள் ஏற்றி, இரண்டும் ஒத்து வந்த பிறகுதான் நம்பினோம். கவனமாகத்தான் செய்தோம். கிண்ணத்துக்குள் வந்த புல் எப்படி வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மெசின் வந்ததும் ஒரு புதுச் சட்டம் வந்தது. யாருடைய புல் நல்ல புல்லோ அந்த வீட்டுக்குத் தீவன மூட்டை தேவையில்லை. புல் மோசமான வீட்டுக்கு மட்டும் மூட்டை. காகிதத்தில் பார்த்தால் நியாயமான சட்டம். ஒவ்வொரு வீடும் மாடு தின்னும் புல்லில் ஒரு மூட்டையைச் சோதனைக்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருந்தது. நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு, கத்தியால், தண்டோடு இலையோடு, மாடு தின்பது போல முழுசாக வெட்டுங்கள் என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் நீங்கள் போன பிறகுதான் பார்த்தேன். அது ஆபீசை விட்டு வெளியே போனதே இல்லை.

நம் லயத்துக்கு என்ன வந்தது? ரோட்டில் ஜீப் நின்றது. இறங்காமலே ஒருவர் கத்தினார்: "நாளைக்குப் புல் மாதிரி வேணும். நல்ல புல்லாப் பாத்துக் குடுங்க." ஜீப் போய்விட்டது. அவ்வளவுதான்.

நல்ல புல்லாகக் கொடுங்கள் என்று சொன்னால், காலையிலிருந்து மாலைவரை கொழுந்து எடுத்தே கை பழகிய பொம்பளை என்ன கொடுப்பாள்? நீங்கள் மேட்டில் ஏறி, இரண்டு கையாலும், நுனி நுனியாகக் கிள்ளினீர்கள். முற்றினதை ஒதுக்கினீர்கள். தண்டு கலந்தால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய கை அது, புல்லிலும் தண்டு கலக்க விடவில்லை. ஒரு மூட்டை நிறைய இளசு. உங்கள் மனதில் அது மரியாதை. ஆபீசுக்குப் போகிற சாமான், குப்பையாகவா கொடுப்பது?

அந்த மூட்டை என் கைக்குத்தான் வந்தது. உங்கள் கார்டு நம்பர் தொங்கிய மூட்டை. அவிழ்த்துப் பார்த்தேன். பச்சைப்பசேல் என்று, ஒரு காம்பு இல்லாமல், பார்க்க அழகாக இருந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் கொழுந்து எடுத்தவள்தானே. மூட்டைக்குள் இலை என்றால் அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் கண்ணும் பழகியிருந்தது. வேறு யார் அவிழ்த்திருந்தாலும், இந்த மாடு தண்டைத் தின்னவே தின்னாதா என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். தோட்டத்தில் பிறந்த நான் கேட்கவில்லை. காய வைத்தேன். அரைத்தேன். மாவான பிறகு எது நுனி, எது தண்டு?

மெசின் உள்ளதைச் சொன்னது. அந்தக் கிண்ணத்தில் இருந்தது உயர்ந்த புல்தான். உங்கள் தீவன மூட்டை நின்றது.

மாணிக்கம் மாமாவை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. நம் லயத்தின் கடைசி வீடு, வேலைக்குப் பயந்த மனுசன். அவர் மேட்டுக்கு ஏறவே இல்லை. கொட்டிலில் மாடு மிச்சம் வைத்ததையும் சேர்த்து, கத்தியால் அடியோடு அறுத்துத் திணித்து, மூட்டையை ரோட்டில் எறிந்தார். மெசின் அந்தப் புல்லை மோசம் என்றது. அவருக்கு மாதாமாதம் தீவனம் வந்தது. அவர் மாடு கொழுத்தது. சோம்பேறி தெரியாமலே சரியான மாதிரி கொடுத்தான். கருத்தாக மாடு பார்த்த நீங்கள் தெரியாமலே அதைப் பட்டினி போட்டீர்கள்.

வைகாசியில் மழை விட்டது. ஆனியில் காற்று எழுந்தது. புல்லெல்லாம் தண்டாகி, வைக்கோல் மாதிரிச் சலசலத்தது. துரைசாணி தின்றது, வேறு என்ன செய்யும். வயிறு நிறைந்தது, உடம்பில் ஒட்டவில்லை. பால் குறைந்தது. குறைந்ததோடு நீர்த்தும் போனது. தீனிச் சத்து இல்லாத மாட்டின் பால் தானாகவே அடர்த்தி குறையும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்துப் புத்தகத்திலேயே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

சந்திக் கொட்டகையில் பாலை அளப்பவர் நசீர் நானா. பண்டாரவளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம், இப்போது திட்டத்துப் பால் லொறியை ஓட்டுகிறார். அன்றைக்கு நானும் உங்களோடு வந்திருந்தேன். பால்மானியைப் பாலில் மிதக்க விட்டார். அது முங்கியது; பால் நீர்த்திருந்தால் அப்படித்தான் முங்கும்.

"என்னா ராசம்மாக்கா, மானி முங்குது! கெணத்தடியில மாட்டக் கட்டுனீங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நானா, வெளையாடாதீங்க. என் கையால கறந்தது. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"நான் எங்க சொன்னன் இருக்குன்னு? மானி சொல்லுது. முங்குனா முங்குச்சுன்னுதான் எழுதணும், நான் என்னா செய்ற?"

"நீங்க எழுதுங்க. மாட்ட வந்து பாக்கச் சொல்லுங்க. எலும்பு தெரியுது."

நசீர் நானா மாட்டைப் பார்க்க யாரையும் கூட்டி வரும் அதிகாரம் உள்ளவர் இல்லை. எழுதினார். எழுதியது பதுளைக்குப் போனது. அங்கே ஒருவர் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் புல் உயர்ந்த தரம். மற்றதில் பால் தண்ணீர். புல் நல்லது, மாடு நல்ல இனம், பால் மட்டும் கெட்டது. அப்படியானால் நடுவில் இருக்கும் பொம்பளைதான் கள்ளி. கணக்குச் சரியாக வந்துவிட்டது. வருவதற்கு என்ன கஷ்டம்? லயத்துப் பொம்பளையைக் கள்ளி என்று எழுத ஒருவருக்கும் இரண்டாம் யோசனை தேவைப்படுவதில்லை. இதே பாலைத் துரை பங்களா மாடு கறந்திருந்தால் மிருக வைத்தியர் ஓடி வந்திருப்பார். உங்களுக்கு வந்தது எச்சரிக்கை.

இனி நான் சொல்லப் போவது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தது. இரண்டாவது எச்சரிக்கை வந்த ஞாயிறு, கொட்டில் வாசலில் நின்று என்னிடம் கேட்டீர்கள்: "சரோசா, ஒங்க ஐயாகிட்ட சொல்லேன். அந்த மெசினு இன்னொரு வாட்டி பாக்கட்டும். புல்லு நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப அது புல்லே இல்ல."

நான் சொன்னேன்: "மெசினு பொய் சொல்லாது மதினி."

நான் அதோடு விடவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன்: "உண்மையச் சொல்லுங்க. ஊத்துனீங்களா?"

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு துரைசாணியின் கழுத்துக் கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டீர்கள். திட்டியிருக்கலாம். விளக்குமாற்றை எடுத்திருக்கலாம். ஏன் ஒன்றுமே சொல்லவில்லை? என்னைப் படிக்க வைக்க உங்கள் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் நீங்கள். அந்தப் படிப்புதான் உங்களைப் பார்த்து அப்படிக் கேட்டது என்று நினைத்தீர்களா?

ஆடியில் பெயரை ஒட்டினார்கள். பெரிய எழுத்து, கொட்டகைச் சுவரில். அந்த வாரமே லொறி வந்தது. துரைசாணி இந்த முறை ஏற மாட்டேன் என்று நின்றது. நீங்கள் பின்னால் கைகொடுத்துத் தள்ளி ஏற்றினீர்களாம். அண்ணன் சொன்னார். ஆவணியில் உங்களுக்குக் காய்ச்சல்.

கருமாதி முடிந்து பதுளைக்குப் போன நான் லயத்துக்குத் திரும்ப வந்தது கார்த்திகையில். அடுத்த சுற்றுக்குப் புல் மாதிரி கேட்டு ஜீப் வந்து போயிருந்தது. அன்று காலை மேட்டில் பக்கத்து வீட்டு மருதாயி புல் எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மாணிக்கம் மாமா கத்தியோடு நின்றார்.

"ஏம்மா மருதாயி, புல்லு புடுங்குறியா, பேன் பாக்குறியா? பொழுது சாய்ஞ்சிரும் போல."

"ஒங்கள மாதிரிக் கூளத்த அள்ளிக் குடுக்கச் சொல்றீங்களா மாமா? ஆபீசுல மூஞ்சியில எறிவாங்க."

"எறியட்டுமே. எறிஞ்சுட்டுத் தீவனமும் குடுக்குறாங்கல்ல!"

மருதாயி சிரித்துக்கொண்டே கிள்ளினாள். இரண்டு கை நிறைந்ததும், பார்க்காமலே, தோளுக்கு மேலே பின்பக்கம் எறிந்தாள். முதுகில் கூடை இல்லை. புல் தரையில் விழுந்தது. "அட சனியனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு குனிந்து பொறுக்கினாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன், மதினி. உங்கள் மூட்டை கண்ணுக்கு முன்னால் அவிழ்ந்தது. ஒரு காம்பு இல்லாத அந்தப் பச்சை.

உடனே செய்ய வேண்டியதைச் செய்தேன். அழுதுகொண்டிருக்கவில்லை. நீங்கள் புல் எடுத்த அதே மேட்டில், அன்று காலையே, ஒரு மூட்டை நுனியாகக் கிள்ளினேன். பக்கத்திலேயே கத்தியால் ஒரு சாண் விட்டு முழுசாக இன்னொரு மூட்டை வெட்டினேன். வெட்டும் கத்திக்கு மாணிக்கம் மாமாவிடம்தான் போக வேண்டியிருந்தது. "ஒனக்கு எதுக்குப் புள்ள கத்தி? ஆபீசரக் குத்தப் போறியா?" என்றார். "ஆமாங்க மாமா, கொஞ்சம்" என்றேன். இரண்டு மூட்டையையும் பதுளைக்குப் போகும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் முறைத்தான். முறைக்கட்டும்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தேநீருக்குப் போன நேரத்தில் இரண்டையும் கிண்ணத்தில் வைத்தேன். தற்காலிக உதவியாள் தன் சொந்தப் புல்லை மெசினில் வைக்க அனுமதி கிடையாது. வைத்தேன். இரண்டு தாள் வந்தது. ஒரே மேட்டுப் புல், இரண்டு நாட்டுப் புல் மாதிரி. முழுசாக வெட்டிய புல்லின் புரதம், கிள்ளிய புல்லில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நார் அந்தளவுக்கு ஏறியிருந்தது. இவ்வளவுக்கும் அது மழை மாதப் புல். ஆனிக் காற்றில் துரைசாணி தின்றது எப்படி இருந்திருக்கும்?

எங்கள் பொறுப்பதிகாரியிடம் இரண்டு தாளையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். படிப்பாளி. கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன்.

"இது யாற்றை மாதிரி? நம்பர் இல்லையே."

"எங்க மதினி மாட்டுக்குப் புல் எடுத்த மேடு, ஐயா. இது கிள்ளுனது. இது வெட்டுனது."

தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எல்லாரும் கிள்ளித்தான் தந்தவையோ?"

"கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, ஐயா. நல்ல புல்லாக் குடுங்கன்னா வேற எப்புடிக் குடுப்பாங்க? முழுசா வெட்டணும்ன்னு ஒருத்தரும் சொல்லல. சொன்ன கடுதாசி ஒங்க அலுமாரியில இருக்கு."

"அது நீர் எப்பிடிப் பாத்தனீர்?"

"அலுமாரியத் தொடைக்கிறது நான்தான்."

அவர் கோபிக்கவில்லை. இரண்டு மூட்டையிலும் மிச்சம் இருந்த மாவை எடுத்து, பழைய முறையில் அமிலத்திலும் பார்க்கச் சொன்னார். நாலு நாள் நானே நின்று பார்த்தேன். விடை அதேதான். "மெசின் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார், ஏதோ அதுதான் கேள்வி என்பது போல.

"மெசினு சரி, ஐயா. எங்க மதினியோட பேரு?"

"அடுத்த சுற்றில இருந்து கத்தியால வெட்டச் சொல்லித் தமிழில நோட்டீஸ் அடிப்பம். உம்மட பேரையும் அறிக்கையில போடுறன். நல்ல வேலை செய்திருக்கிறீர்."

"என் பேரு வேணாம். அவங்க பேர எடுங்க. கார்டுல இருக்கிறத வெட்டுங்க."

"சரோஜா, முடிஞ்ச கோப்பைத் திறக்க ஏலாது. ஒண்டைத் திறந்தா எல்லாத்தையும் திறக்கோணும்."

"தெறங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

மதினி, நல்லது நடந்ததை மறைக்க மாட்டேன். தமிழ் நோட்டீஸ் வந்தது. எழுதியது நான். மருதாயிக்கு மறுபடி தீவனம் கிடைக்கிறது. அவள் மாடு தேறிவிட்டது. நசீர் நானா மானி முங்கினால் இப்போது மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார், அவராகவே செய்கிறார். என்னைக் கண்டதும், "தங்கச்சி, ராசம்மாக்காவ வரிசையில வச்சுச் சிரிச்சேன். அது எனக்கு நெஞ்சுல கெடக்கு" என்றார். ஒரு லொறிக்காரருக்கு வந்த வெட்கம் பெரிய இடத்தில் யாருக்கும் வரவில்லை.

அண்ணனுக்குத் துரைசாணி திரும்ப வேண்டியதில்லை. "மாடு என்னா மாடு. அவ பேர தொடைச்சாப் போதும்" என்கிறார். உங்கள் கார்டில் அந்தக் கறை இருக்கும்வரை நம் வீட்டுக்கு வேறு மாடும் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கேட்பதே இல்லை. கலா மட்டும் கொட்டகைப் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடத்துக்குச் சுற்று வழியில் போகிறாள். கேட்டால் அந்த வழியில் நாய் இருக்கிறது என்கிறாள். நாய் ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

போன வாரம் புதிய முறையை விளக்க அதே பொறுப்பதிகாரி நம் சந்திக்கே வந்தார். கொட்டகையில் முப்பது நாற்பது பேர் இருந்தோம். கினிப் புல் ஒரு கட்டைக் கையில் பிடித்து, எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டினார். நன்றாகத்தான் விளக்கினார். இதற்கு முன் மாதிரி எடுத்ததில் "சில குறைபாடுகள்" இருந்தன என்றார். குறைபாடு யாருடையது என்று சொல்லவில்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

எழுந்தேன். ஒரு வருடமாகக் கேட்க வேண்டியிருந்த கேள்வியைக் கேட்டேன், மதினி.

"ஐயா, ராசம்மா ஊத்துன பாலுல தண்ணி இருந்துச்சா, இல்லையா?"

புல்லுக் கட்டிலிருந்து ஒரு இலையை உருவி அதைப் பார்த்தார். "அது தனிப்பட்ட விசயம். ஆபீசில கதைப்பம்."

"இந்தச் சுவத்துல ஒட்டுனப்ப தனிப்பட்ட விசயமா இருந்துச்சா?"

பின்னாலிருந்து மாணிக்கம் மாமாவின் குரல்: "புள்ள சரியாத்தான் கேக்குது. ஆமா இல்ல, ஒரு வார்த்தைதானுங்களே." சோம்பேறி என்று எழுதியதற்கு நான் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அதன் பிறகு மருதாயி எழுந்தாள். அவளோடு இன்னும் சிலர். யாரும் சத்தம் போடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

அதிகாரி புல்லுக் கட்டை மேசையில் வைத்தார். தாள்களை அடுக்கினார். மழை வரப் போகிறது என்று டிரைவரிடம் சொன்னார். ஜீப் போய்விட்டது.

என் வேலை போகலாம். நான் தற்காலிகம்தானே, அனுப்ப ஒரு கடிதம்கூடத் தேவையில்லை. போனால் போகட்டும், கொழுந்து எடுக்க எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கொடுக்கிறேன். அவர் எந்தத் தோட்டத்துச் சந்தியில் கூட்டம் வைத்தாலும் அங்கே நான் இருப்பேன். கேள்வி இருக்கிறதா என்று அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுவேன். அன்று கொட்டில் வாசலில் உங்களிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். இனி அதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்பேன்.

ஐயா, இந்தப் பத்திரிகை உங்கள் மேசைக்கும் வரும். இரண்டு தாளும் உங்களிடம் இருக்கின்றன. அமிலத்தில் பார்த்த விடையும் இருக்கிறது. உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கிறது. எங்கள் சந்திக்கு வாருங்கள். கலா முன்னால், வரிசை முன்னால், ராசம்மா தண்ணீர் கலக்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
பெருமாளின் தங்கச்சி, சரோஜா